எந்த ஊர் என்று என்னைக் கேட்காதீர்கள்

கோடை விடுமுறை முடிந்தால் போதும், இந்த வியாதி ஆரம்பித்துவிடுகிறது. எங்கள் ஓய்வூதியர் வாட்ஸ்அப் குழுவில் நூற்றுச் சொச்சம் பேர் இருக்கிறோம். மே மாதம் முழுக்க யாருடைய மகனாவது மருமகளாவது எங்கேயாவது போய்க்கொண்டே இருக்கிறார்கள். ஜூன் பிறந்ததும் படங்கள் வந்து விழும். படத்துக்குக் கீழே ஊர் பெயர் இருக்காது. "இது எந்த ஊர், கண்டுபிடியுங்கள் பார்ப்போம்!" என்று ஒரு வரி, பக்கத்தில் கண்ணடிக்கும் மஞ்சள் மூஞ்சி. அவ்வளவுதான்.

உடனே எல்லோரும் ஆடத் தொடங்கிவிடுவார்கள். ஊட்டி. கொடைக்கானல். இல்லையில்லை, சுவிட்சர்லாந்து. ஒருவர் எல்லாப் படத்துக்கும் விடாமல் "குலு மணாலி" என்றே போடுவார். வருடத்துக்கு ஒரு தடவை அது சரியாகவும் இருந்துவிடும். சாயங்காலம் வரை ஆட விட்டுவிட்டுப் படம் போட்டவர் விடை சொல்வார். சில சமயம் சொல்லவே மாட்டார். அதற்குள் அடுத்த படம் வந்திருக்கும், எல்லோரும் அதைப் பார்க்கப் போயிருப்பார்கள்.

நான் இந்த விளையாட்டுக்கு எதிரி. குழுவில் இதைச் சொன்னதற்கு, "சார் எங்கேயும் போகாதவர், வயிற்றெரிச்சல்" என்று ஒரு நண்பர் எழுதினார். நான் பாஸ்போர்ட் எடுத்ததில்லை என்பது உண்மைதான். பிரெஞ்சு மீடியத்தில் படித்து, பிரெஞ்சுக் காகிதங்களைப் புரட்டியே சம்பளம் வாங்கி, பிரான்சில் கால் வைக்காமலே ரிட்டயர் ஆன ஆள் என்று என் மைத்துனர் முப்பது வருடமாகக் கிண்டல் செய்கிறார். அது இருக்கட்டும். யார் எங்கே போனாலும் எனக்கு சந்தோஷம்தான். ஊர் சுற்றிவிட்டு வந்து ஊரை ஒளித்து வைக்கிறார்களே, அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

முதலில் அந்தப் படங்களைப் பாருங்கள். முக்கால் பாகம் முகம். மீதி கால் பாகம் வானம். முகத்துக்குப் பின்னால் ஏதாவது இருந்தாலும், இப்போது வருகிற போன்கள் அதைக் கரைத்துக் கஞ்சியாக்கிவிடுகின்றன. அதற்குத் தனியாக ஒரு பொத்தானே இருக்கிறதாம். இரண்டு லட்சம் ரூபாய் செலவு செய்து ஒரு மலைக்குப் போய், மலையை மங்கலாக்கிவிட்டு, மருமகளின் கம்மலைத் துல்லியமாக எடுத்து அனுப்பினால் நான் எதை வைத்து ஊரைச் சொல்வது? கம்மல் எந்தக் கடை என்று வேண்டுமானால் சொல்லலாம்.

இதையாவது மன்னிக்கலாம். தெரிந்தே செய்கிறவர்கள் ஒரு ரகம் இருக்கிறார்கள். படத்தில் கடைப் பலகை விழுந்திருக்கும், பேருந்தின் நெற்றி தெரியும், மைல் கல் ஓரமாக எட்டிப் பார்க்கும். விளையாட்டு கெட்டுவிடும் என்று அதையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டு அனுப்புவார்கள். எது எந்த ஊர் என்று சொல்லுமோ அது போய்விடும். எந்த ஊரிலும் இருக்கக்கூடிய பச்சை, நீலம், சிரிப்பு மட்டும் மிஞ்சும். பிறகு நம்மைப் பார்த்து, "கண்டுபிடியுங்கள்" என்பார்கள்.

நான் குமாஸ்தா. அந்த உத்தியோகத்தின் பழக்கம் உடம்பை விட்டுப் போகாது. அரசாங்கத்துக்கு நீங்கள் எழுதுகிற எந்த மனுவையும் எடுத்துப் பாருங்கள். குடிதண்ணீர் வரவில்லை என்று எழுதும் அரைப் பக்க மனுவாக இருந்தாலும், இடது கீழ் மூலையில் "இடம்:" என்றும் அதற்குக் கீழே "நாள்:" என்றும் இருக்கும். அது இல்லாவிட்டால் அது காகிதம், மனு ஆகாது. நாங்கள் படித்த காலத்தில் இது மேலேயே வந்துவிடும். வலது மூலையில் ஊர் பெயர், ஒரு கால்புள்ளி, பிறகு தேதி. 'திக்தே' எழுதினாலும் சரி, பாட்டிக்குக் கடிதம் எழுதுவதுபோலக் கட்டுரை எழுதினாலும் சரி, "பொந்திஷேரி, இன்ன தேதி" என்று போட்ட பிறகுதான் வாத்தியார் முதல் வார்த்தையைச் சொல்வார்.

பிறகு வேலையில் சேர்ந்தபோது எனக்குக் கிடைத்ததெல்லாம் பழைய 'எத்தா சிவில்' பதிவேடுகள். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: பிரெஞ்சு ஆட்சியில் பிறப்பு, இறப்பு, திருமணம் பதிந்து வைத்த ஏடுகள் அவை. ஒரு குழந்தை பிறந்ததென்றால் வருடம், மாதம், நாள் மட்டும் எழுதி விட்டுவிட மாட்டார்கள். எத்தனை மணிக்கு, எந்தத் தெருவில், தகப்பன் யார், அவன் தொழில் என்ன, சாட்சிக்கு வந்த இரண்டு பேர் யார், அவர்கள் வயது என்ன, எல்லாம் இருக்கும். நூறு வருடத்துக்கு முன் பிறந்த ஒரு சவரத் தொழிலாளியின் மகன் எந்தத் தெருவில், காலையிலா மாலையிலா பிறந்தான் என்று என்னால் பார்த்துச் சொல்ல முடிந்தது. போன மாதம் நம் குழுவில் ஒருவருடைய பேரன் எங்கே பனியில் சறுக்கினான் என்று இன்றைக்குவரை எனக்குத் தெரியாது.

ஊரைப் படத்தில் பார்த்துக் கண்டுபிடிப்பது நல்ல கலைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்கான சரக்கு படத்தில் இருக்க வேண்டும். சரக்கு எங்கே இருக்கிறது என்றால், நீங்கள் அசிங்கம் என்று வெட்டி எறிகிறீர்களே, அங்கேதான் இருக்கிறது.

ஆட்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பு முழுக்க மஞ்சள் என்றால் சென்னைப் பக்கம். கறுப்பு உடம்பு, தலை மட்டும் மஞ்சள் என்றால் கேரளம் என்று யோசிக்கலாம். சாலையோரக் கல்லின் தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை. பிரான்சிலும் இதே ஏற்பாடு உண்டு, நிறம்தான் வேறு: தேசியச் சாலைக்குச் சிவப்புத் தலை, மாவட்டச் சாலைக்கு மஞ்சள் தலை. கடைப் பலகையில் இருப்பது தெலுங்கா கன்னடமா என்று தெரியாமல் நம்மவர்கள் தடுமாறுவார்கள். எழுத்தின் உச்சியைப் பாருங்கள். தெலுங்கில் டிக் அடித்ததுபோல ஒரு குறி இருக்கும். கன்னடத்தில் அந்த இடத்தில் படுத்த கோடு இருக்கும். தபால் பெட்டி சிவப்பா மஞ்சளா என்று பாருங்கள். மஞ்சள் என்றால் இங்கிலாந்து இல்லை, பிரான்சாக இருக்கலாம். கூரையைப் பாருங்கள், நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள்.

கடலில் சூரியன் தெரிகிறதா? நம் கிழக்குக் கரையில் அது காலை, மேற்குக் கரையில் மாலை. "பாண்டி பீச்சில் அஸ்தமனம்" என்று, கடலுக்குள் சூரியன் முழுகுகிற படம் ஒன்று போன வருடம் வந்தது. எங்கள் ஊர்க் கடலில் சூரியன் முழுகுவதென்றால் பூமி திரும்பிச் சுற்ற வேண்டும். அந்தப் படத்துக்கு முப்பத்தெட்டு பேர் கைகூப்பியிருந்தார்கள்.

எங்கள் ஊர் என்றதும் இன்னொரு கோபம் வருகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். சனி ஞாயிறுகளில் கடற்கரைப் பக்கத்துத் தெருக்களில் நடக்க முடிவதில்லை. மஞ்சள் சுவர், வெள்ளைக் கரை, காகிதப்பூக் கொடி தொங்கும் ஒரு வாசல். அந்த வாசலுக்கு முன்னால் ரேஷன் கடையில் நிற்பதுபோல வரிசை. ஒவ்வொருவரும் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். மின்கம்பம் விழாமல், சைக்கிள் விழாமல், வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆயும் அம்மாள் விழாமல். நீல நிறத் தெருப் பலகையையும் எடுக்கிறார்கள். நம் ஊர்ப் பலகையில் பிரெஞ்சும் இருக்கும், தமிழும் இருக்கும். தமிழ் இருக்கும் பகுதியைப் படத்துக்கு வெளியே தள்ளிவிட்டு பிரெஞ்சுப் பகுதியை மட்டும் எடுக்கிறார்கள். அப்புறம் கேள்வி: "எந்த ஊர்? பாரிஸ்தானே?"

பாரிசும் இல்லை, பிரான்சும் இல்லை. என்னைப் போலப் பிரான்சுக்கே போகாதவன்கூட ஒரு நொடியில் சொல்வான். தலையைத் தூக்கி மேலே பாருங்கள். மொட்டை மாடி! பிரெஞ்சுக்காரர் குடியிருந்த வீடானாலும் நம் கொத்தனார்கள் உத்தரம் போட்டு, செங்கல் அடுக்கி, சுண்ணாம்பு கொட்டித் தட்டிய மெட்ராஸ் டெரஸ் அது. பிரான்சில் அந்தக் காலத்து வீடுகளுக்குச் சரிந்த கூரை. தெற்கே வளைந்த ஓடு, வடமேற்கே கறுப்புப் பலகைக்கல், பாரிசில் துத்தநாகத் தகடு. நம் வீடு வெயிலுக்கும் இந்த ஊர் மழைக்கும் கட்டின வீடு. ஒரு பிரெஞ்சுக்காரன் சொன்ன கணக்குக்கு ஒரு தமிழன் கட்டிய வீடு. அதைத்தான் நீங்கள் பார்க்க வந்தீர்கள். பார்த்ததை வெட்டிவிட்டு, பார்க்காத ஊரின் பெயரைச் சொல்கிறீர்கள். பெரிய வாய்க்காலைத் தாண்டி மேற்கே போனால் தாழ்வாரமும் திண்ணையும் வைத்த தமிழ்த் தெருக்கள் இருக்கின்றன. வைசியாள் வீதியில் அவற்றைச் சீர்செய்து வைத்திருக்கிறார்கள். அங்கே வரிசை கிடையாது. அந்தத் திண்ணையில் உட்கார்ந்து படம் எடுத்தால் யாரும் "பாரிஸா?" என்று கேட்க மாட்டார்கள் அல்லவா!

என் பேரன் வயதுப் பையன்கள் ஆடுகிற ஆட்டம் ஒன்று இருக்கிறது. 2013-இல் ஒரு ஸ்வீடன்காரர் ஆரம்பித்தது. உலகத்தில் எங்கேயோ ஒரு சாலையில், கூகுளின் தெருப் படத்துக்கு நடுவில் உங்களை இறக்கிவிட்டுவிடும். எங்கே நிற்கிறோம் என்று நீங்கள் வரைபடத்தில் குறிக்க வேண்டும். பையன்கள் என்ன பார்க்கிறார்கள் தெரியுமா? மின்கம்பத்தின் வடிவம், சாலையோரக் குட்டைக் கம்பத்தின் நிறம், சாலைக் கோடு மஞ்சளா வெள்ளையா, மண் என்ன நிறம், வண்டி இடது பக்கம் போகிறதா வலது பக்கமா. ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். சபாஷ் என்று சொல்லத் தோன்றியது. ஒரு நல்ல ரெவின்யூ இன்ஸ்பெக்டர் பார்க்கிற பார்வை அது. அந்த ஆட்டத்தில் எதையும் வெட்டுவதில்லை, நாலு பக்கமும் திரும்பிப் பார்க்கலாம், கடைசியில் விடையையும் கிலோமீட்டர் கணக்கோடு சொல்லிவிடும். நம் குழுவில் நடப்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

"விளையாட்டுக்குத்தானே சார், இதற்குப் போய் இவ்வளவு கோபமா?" என்பார்கள். கோபம் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன்.

நெல்லித்தோப்புப் பக்கம் ஒரு அக்கா இருக்கிறார், எண்பத்து நாலு வயது. கணவர் சொல்தா. எங்கள் ஊரில் பிரெஞ்சு இராணுவத்தில் இருந்தவரை அப்படித்தான் சொல்வோம். 1962 ஆகஸ்ட் 16-இல் ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். அப்படி எழுதிக் கொடுத்த குடும்பம். அவர் போய்ச் சேர்ந்து இருபது வருடமாகிறது. பிரெஞ்சில் ஏதாவது கடிதம் வந்தால் அந்த அக்கா இன்றைக்கும் என்னிடம்தான் கொடுத்தனுப்புவார்.

அவர் வீட்டுக் கூடத்தில் பெரிய படம் ஒன்று மாட்டியிருக்கிறது. சீருடையில் அவர் கணவர் நிற்கிறார். பின்னால் கரையான் புற்றை உயரமாக இழுத்துக் கட்டியதுபோல ஒரு கட்டடம். உடம்பெல்லாம் முளை முளையாக நீட்டிக்கொண்டிருக்கும். கீழே, "அப்பா, ஆப்பிரிக்கா" என்று எழுதியிருக்கும். பிள்ளைகள் அதைப் பார்த்தே வளர்ந்தார்கள். "ஆப்பிரிக்காவில் மண்ணைத் தின்னுகிட்டுக் கஷ்டப்பட்டாரு" என்று அக்கா சொல்லிச் சொல்லி அது அந்த வீட்டின் சரித்திரமாகிவிட்டது. அந்த மனிதர் தன் வாயால் எதுவும் சொன்னதில்லை. சொல்தாக்கள் பலர் அப்படித்தான், பென்ஷன் வாங்கும் தேதியைத் தவிர வேறு எதையும் பேச மாட்டார்கள்.

பேரன் வட பிரான்சில் லீல் நகரத்தில் வேலையில் இருக்கிறான். தாத்தா நின்ற இடத்திலேயே தானும் நின்று ஒரு படம் எடுத்துப் பாட்டிக்குக் கொடுக்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. படத்தைப் போனில் போட்டுத் தேடியிருக்கிறான். மாலி நாட்டில் ஜென்னே என்ற ஊரின் பெரிய மண் மசூதி என்று வந்திருக்கிறது. மாலியில் 2012-இலிருந்து சண்டை. அங்கே போக முடியாது. "பாட்டி இருக்கும்போது முடியாது போலிருக்கு தாத்தா" என்று என்னிடம் வந்து வருத்தப்பட்டான்.

மாட்டியிருப்பது அசல் படமா என்று கேட்டேன். இல்லை, அசல் சின்னது, ஓரம் பல் பல்லாக வெட்டினது, டிரங்குப் பெட்டியில் இருக்கிறது என்றான். பெரிதாக்கும்போது ஸ்டூடியோக்காரர் "ஓரத்தில் ஏதோ அசிங்கமாக இருக்கிறது" என்று வெட்டிவிட்டாராம். எடுத்து வா என்றேன்.

அசலின் வலது ஓரத்தில் இரண்டு விஷயங்கள் இருந்தன. ஒன்று, பைன் மரம். ஜென்னேயில் பைன் மரத்துக்கு என்ன வேலை? இன்னொன்று, ஒரு சின்ன ரெனோ காரின் பின்பக்கம். அசிங்கம் என்றார்களே, அது இதுதான். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்ததில் எண் பலகையின் கடைசி இரண்டு எண் படிக்க முடிந்தது: 83. பிரான்சில் 1950-இலிருந்து 2009 வரை பதிவான வண்டிகளுக்குக் கடைசி இரண்டு எண் மாவட்டத்தின் எண். பாரிசுக்கு 75, மார்செய் பக்கத்துக்கு 13. 83 என்றால் தெற்கே மத்தியதரைக் கடலோரத்து வார் மாவட்டம். இதற்கு நான் பிரான்சுக்குப் போக வேண்டியதில்லை. அங்கே அஞ்சல் குறியீடும் மாவட்ட எண்ணில்தான் ஆரம்பிக்கும். 83600, ஃப்ரேஜூஸ் என்று முகவரி எழுதிய உறைகள் என் மேசைக்கு எத்தனை வந்திருக்கின்றன! நம் ஊர் சொல்தாக்களில் பலர் இருந்த கடற்படைக் காலாட்படைக்குப் பல காலம் பெரிய இருப்பிடம் அந்த ஃப்ரேஜூஸ்.

ஃப்ரேஜூஸில் ஆப்பிரிக்க மசூதி எங்கிருந்து வந்தது என்கிறீர்களா? இருக்கிறது. மிசிரி மசூதி என்று பெயர். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த சிப்பாய்கள் ஊர் ஞாபகத்தில் வாடுகிறார்கள் என்று 1930 வாக்கில் ஜென்னே மசூதியின் சாயலில் அங்கே கட்டிக் கொடுத்தது. மண் கிடையாது, சிமெண்ட் கான்கிரீட். அதே ஊரில் வியத்நாம் சிப்பாய்கள் 1917-இல் எழுப்பிய புத்தர் கோயில் ஒன்றும் இருக்கிறது. அதன் முன்னால் நின்று படம் எடுத்திருந்தால் எங்கள் சொல்தா "இந்தோசீனாவில் கஷ்டப்பட்டவர்" ஆகியிருப்பார். சிப்பாய்கள் தங்கள் ஊரைத் தூக்கிக்கொண்டு வந்து அன்னிய மண்ணில் வைத்திருக்கிறார்கள். நம் ஆள் அதன் முன்னால் போய் நின்றிருக்கிறார். ஊரை விட்டுப் போனவனுக்கு ஊரை விட்டுப் போனவனின் கட்டடம் பிடித்திருக்கும் என்று நினைக்கிறேன். இதற்கு என்னிடம் ஆதாரம் கிடையாது.

பையன் லீலிலிருந்து அதிவேக ரயிலேறிப் பக்கத்து ஊரான சேன் ரஃபாயேலில் இறங்கி ஒரே நாளில் அங்கே போய்விட்டான். போய் நின்று படம் எடுத்து அனுப்பினான். நான் சொல்லியிருந்ததால் சாலையும் பலகையும் படத்தில் இருந்தன. அக்காவிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். ஆப்பிரிக்கா இல்லை, பிரான்சுதான், கடல் பக்கம் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "நம்ம ஊரு மாதிரி கடல் இருக்குமா தம்பி?" என்றார். இருக்கும் அக்கா என்றேன். "அப்ப சரி. நான்தான் அவ்வளவு வருஷம் அவரு வெயில்ல கெடந்தாருன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றார்.

இப்போது யோசித்துப் பாருங்கள். அந்தச் சின்ன அசல் தொலைந்திருந்தால்? ஓரம் வெட்டிய பெரிய படம் மட்டும் இருந்திருந்தால்? ஒரு மனிதர் எங்கே நின்றார் என்ற தகவல் ஒரு காரின் பின்பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. முதுகில் பென்சிலால் "ஃப்ரேஜூஸ்" என்று நாலு எழுத்து எழுதியிருந்தால் அந்த அம்மாள் ஐம்பது வருடம் வேறு ஒரு வருத்தத்தைச் சுமந்திருக்க மாட்டார். அவருக்கு எழுதத் தோன்றவில்லை, போகட்டும், அந்தக் காலத்து மனிதர். உங்களுக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் ஓரத்தை வெட்டி, பெயரை மறைத்து, "கண்டுபிடியுங்கள்" என்று அனுப்புகிறீர்களே, அதைத்தான் கேட்கிறேன்.

"இனிமேல் அந்தக் கஷ்டமெல்லாம் கிடையாது, போனே இடத்தைக் குறித்துக்கொள்ளும்" என்று ஒரு கட்சி சொல்கிறது. குறித்துக்கொள்ளும், வாஸ்தவம். நீங்கள் அந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும்போது அந்தக் குறிப்பு கழன்று விழுந்துவிடும் என்று உங்களுக்குத் தெரியுமா? கோப்பாக அனுப்பினால்தான் தங்கும். குழுவில் இருக்கும் நூறு பேரிடமும் இருப்பது ஊர் இல்லாத படம். உங்கள் போன் குளியலறை வாளியில் விழுந்தால் ஊரும் அதோடு போயிற்று.

இன்னொரு கட்சி, "கூகுள் சொல்லிவிடும்" என்கிறது. கூகுள் என்ன சொல்லிற்று என்று மேலேயே எழுதிவிட்டேன். அதற்குப் பிரபலமானதுதான் முதலில் கண்ணில் படும். தாஜ் மகாலைக் காட்டினால் தாஜ் மகால் என்று சொல்லும், அதற்கு அது எதற்கு? நம் வாழ்க்கையில் முக்கியமான இடங்கள் பிரபலமான இடங்களா? என் மகன் நீச்சல் கற்ற பம்ப்செட் தொட்டியை எந்த யந்திரம் சொல்லும்?

பழைய காலத்துப் பிரெஞ்சுக்காரர்களிடம் எனக்குப் பிடித்த விஷயம் இது. அவர்கள் அச்சிட்ட 'கார்த் போஸ்தால்' பார்த்திருப்பீர்கள். நூறு வருடத்துக்கு முந்தைய அட்டை. சந்தை, துறைமுகம், கோயில், எதுவானாலும் படத்தின் காலடியில் ஊர் பெயரும் இடத்தின் பெயரும் அச்சாகியிருக்கும். ஊரை ஆண்டவர்கள் மேல் ஆயிரம் குறை சொல்லலாம், நானே சொல்லுவேன். ஆனால் அந்த ஒரு வரியால்தான் மணற்பரப்போடு இருந்த எங்கள் கடற்கரை எது, இரும்புப் பாலம் நீண்டிருந்த இடம் எது என்று இன்றைக்கு அடையாளம் காட்ட முடிகிறது. துறைமுகத்துக்குக் கற்களைக் கொட்டின பிறகு மணல் அரித்துப்போய், பாறாங்கல்லை மட்டும் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் ஒரு தலைமுறையே இங்கே உண்டு. ஊர் பெயர் இல்லாமல் அந்த அட்டையைக் காட்டினால், இது எங்கள் ஊரே இல்லை என்று சத்தியம் செய்வார்கள்.

ஆகவே, போய் வாருங்கள், நிறைய எடுங்கள். முகத்தை எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு ரயில் நிலையப் பலகை, ஓட்டலின் பில், நீங்கள் ஏறிய பேருந்தின் நெற்றி இவற்றையும் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். போனிலேயே படத்துக்குக் குறிப்பு எழுத இடம் இருக்கிறது. ஒரு வரி: ஊர், நாள், யார் யார். காகிதத்தில் போட்டு வைத்த பழைய படங்களுக்கு மென்மையான பென்சில் போதும், ஓரமாக, அழுத்தாமல் எழுத வேண்டும். பால்பாயிண்ட் வேண்டாம், அது முன்பக்கம் முகத்தில் தழும்பு போடும். பின்பக்கம் வழவழப்பாக இருக்கும் புதிய படங்களில் பென்சில் பிடிக்காது, அதற்கு மை சீக்கிரம் காயும் மெல்லிய மார்க்கர் வாங்குங்கள்.

இந்த வேலையை வீட்டில் ஆரம்பித்திருக்கிறேன். மாமனார் காலமானபோது அவர் வீட்டிலிருந்து வந்த ஆல்பம் ஒன்று. மத்தியானத் தூக்கத்துக்குப் பிறகு நானும் மனைவியும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து எழுதுகிறோம். அறுபது படம் முடிந்தது. நேற்று ஒன்றில் சண்டை. ஒரு குளக்கரை, படியில் ஐந்து பேர், ஒரு குடை. திருக்கழுக்குன்றம் என்கிறாள் அவள். மலை தெரியவில்லையே என்றேன். மலை முதுகுக்குப் பின்னால் இருக்கும் என்கிறாள். அவள் அண்ணனுக்குப் போன் போட்டோம். படத்தில் அவர் இருக்கிறார், ஆனால் அத்தையின் இடுப்பில், ஆறு மாதக் குழந்தையாக. கடைசியில் இப்படி எழுதி வைத்தேன்: "குளக்கரை. ஊர் தெரியவில்லை. இடமிருந்து வலம்: தாத்தா, பெரிய பாட்டி, அம்மா, அத்தை, அத்தை இடுப்பில் அண்ணன். குடை இரவல்." குடை இரவல் என்பது மனைவி சொன்னது. அது மட்டும் அவளுக்கு நிச்சயமாகத் தெரியுமாம்.